வரம்புக்கு வெளியே ஒரு கால்

— மெதுவா ஓட்டுங்க மொதலாளி! ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முட்டி ரெண்டாப் பொளக்குது!

— மெதுவாப் போனா வத்தலக்குண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர மத்தியானம் ஆயிடும், ஞானவேல். இது ஜீப்பு தம்பி, ஆம்புலன்ஸ் இல்லை. பல்லைக் கடிச்சுக்கோ. அழகுமலை, அவன் காலை உன் மடியில நல்லா வச்சுப் புடிப்பா.

— புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் மொதலாளி.

— உங்க கை ஏன் மச்சான் இப்புடி நடுங்குது?

— குளிருதுலே மாப்ளே. ஆட்டாதே காலை. துண்டெல்லாம் ரத்தமாக் கெடக்கு.

— குளிருதா? மார்கழிப் பனியில சட்டையில்லாம பயலுகளுக்குக் கபடி சொல்லிக் குடுக்குற கேப்டனுக்குக் குளிருதாம்! என்னைப் பாத்துப் பயந்துட்டீகளா? நான் சாக மாட்டேன் மச்சான். அடிச்சவன் கையில சிக்குற வரைக்கும் சாக மாட்டேன். சிக்கட்டும், அவன் குடலை உருவி காப்பிக் களத்துல காயப் போடுறேன்.

— பேசாதேலே. பேசப் பேச ரத்தம் போகுது.

— எப்புடிப் பேசாம இருக்க? வெள்ளனே எந்திரிச்சுக் களத்தைச் சுத்தி ஓடிக்கிட்டிருக்கேன். பின்னால இருந்து சாக்கைத் தலையில கவுத்தான். மம்பட்டிக் கணையால ரெண்டு அடி. மொத அடி கெண்டைக்கால்ல. ரெண்டாவது முட்டியில. சில்லு நொறுங்குன சத்தம் இன்னும் என் காதுல கேக்குது.

— எத்தனை பேர் தம்பி?

— ஒருத்தன்தான் மொதலாளி. அடிச்சுட்டு ஓடவும் இல்ல. நின்னு சிரிச்சான். மூச்சு முட்டச் சிரிச்சான், நாயி! அந்தச் சத்தம்தான் என்னைக் கொல்லுது.

— நாளைக்கு பைனல். எதிர் டீம் வேலையாத்தான் இருக்கும். கம்ப்ளைண்ட் குடுப்போம்.

— எதிர் டீமு யாரு? வெள்ளகவிப் பயலுக. போன வருஷம் அறுபதுக்கு எட்டுன்னு தோத்துட்டு, வாயத் தொறக்காம ஒத்தையடிப் பாதையில எறங்கிப் போனவனுக. இந்த வருஷம் பைனலுக்கு வந்திருக்கானுகன்னா அது யாரால? நான் கொண்டு வந்த சம்பள வரம்பால. அவனுக என் காலைத் தொட்டுக் கும்புடுவானுக, ஒடிக்க மாட்டானுக.

— அப்ப அந்த டோர்னமெண்ட் மேனேஜரா இருக்கும். ஒரு டீமு சம்பளத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல போடக் கூடாதுன்னு மீட்டிங்ல மேசையை எட்டி உதைச்சியே. முடியாதுன்னு சொன்ன மனுசனுக்கு ரெண்டு பல்லு போச்சு.

— ரெண்டுதானே போச்சு? அத்தனையையும் கழட்டியிருக்கணும். நீங்களும்தான் மொதலாளி, பன்னெண்டு லட்சத்தைக் கொட்டி அரியானாவுல இருந்து ஆளை எறக்குனீக. மலைக்காரப் பய ஓரமா ஒக்காந்து அவனுகளுக்குத் தண்ணி தூக்கிக் குடுக்கணும். பணம் இருக்குறவன் ஒருத்தனே கப்பு வாங்குறதுக்கு எட்டு டீமு எதுக்கு? ஒரே டீமு வச்சு ரெண்டு பக்கமும் நீங்களே நில்லுங்களேன்!

— லுக், கோவிச்சுக்காம கேளு. சீலிங் போட்டதுல எனக்கு நஷ்டமே இல்லை. பன்னெண்டு போட்ட இடத்துல நாலு போடுறேன். மிச்சம் என் பாக்கெட்ல. அந்த நாலுல ரெண்டை நீ ஒருத்தன் வாங்கிட்டே. மத்த பதினோரு பேருக்கும் சேர்த்து ரெண்டு. அழகுமலைக்குப் போன வருஷம் அறுபதாயிரம், இந்த வருஷம் பதினெட்டு. அவன்கிட்ட என்னைக்காவது கேட்டியா?

— மச்சான்கிட்ட என்ன கேக்க? எங்க அக்காவைக் கட்டுனவரு. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. என்ன மச்சான்?

— நான் என்னத்த நெனைக்க. வள்ளிதான் எட்டு மாச வயித்தோட காப்பிப் பழம் பறிக்கப் போறா.

— என்னது? அக்காவா? என்கிட்டச் சொல்ல வேணாமா?

— சொன்னேன் மாப்ளே. ரெண்டு தடவை சொன்னேன். உன் பங்குல கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா பயலுகளுக்கு ஆகும்னு சொன்னேன். "வரம்புன்னா வரம்புதான் மச்சான், ஒரு வருஷம் பொறுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டே.

— நான் அடிச்சு ஆடுறேன், எனக்குக் குடுக்குறாக. அதுல என்ன தப்பு? அடுத்த வருஷம் எல்லாருக்கும் கூடும்லே... ஐயோ, முட்டி! அம்மா!

— பாத்து, பாத்து! வளைவு தம்பி. பணத்தைப் பத்திக் கவலைப்படாதே ஞானவேல். நீ ஆடலைன்னாலும் ரெண்டு லட்சம் முழுசா வந்துரும்.

— தெரியும். நான்தானே எழுத வச்சேன். அடிபட்டவனுக்குச் சம்பளம் முழுசாக் குடுக்கணும், அது வரம்புல சேராது, வரம்புல காலியாகுற அந்தப் பணத்துக்கு டீமு வேற ஆளைப் போட்டுக்கலாம். காலு ஒடிஞ்சவன் வயித்துலயும் அடிக்கக் கூடாதுன்னுதான் எழுத வச்சேன். நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!

— இந்த வளைவுலயா? என்னாச்சு?

— அந்த டீக்கடை முன்னால, பஸ்ஸை விட்டு எறங்குறானே, அவனைப் பாருங்க. ஒட்டன்சத்திரம் பழனிக்குமாரு. மச்சான், நம்ம பழனிக்குமாரு! தோள்ல பையி, முட்டியில பட்டை. என் எடத்துல ஆட வந்திருக்கான்!

— எவனோ தோட்ட வேலைக்கு வர்றவனா இருக்கும். நீ படுலே.

— அவனை எனக்குத் தெரியாதா? மூணு வருஷம் அவன் தொடையைக் கட்டிப் புடிச்சு மண்ணுல சாச்சிருக்கேன். என் காலு ஒடிஞ்சு முக்கா மணி நேரம் ஆகல. அவன் ஊருல இருந்து இங்க வர ரெண்டு மணி நேரம். என் காலு முழுசா இருக்கும்போதே அவன் பஸ் ஏறிட்டான்!

— ஞானவேல்! அதை எங்க இருந்து எடுத்தே? கீழ போடு!

— உங்க சீட்டுக்கு அடியிலதான் கெடந்துச்சு. கவாத்துக் கத்தி. காப்பிக் கொம்பு ஒரே வெட்டுல விழும், கழுத்து விழாதா? ஏலே மொதலாளி சேனாதிபதி! ரெண்டு லட்சம் காலியாகணும்னு என் காலை ஒடிக்க ஆள் விட்டியாலே?

— ஐயோ! அழகுமலை, புடிப்பா இவனை! பிரேக்ல இருந்து கால் எடுத்தேன்னா மூணு பேரும் பள்ளத்துல!

— உருளட்டும். நல்லா உருளட்டும். ஒத்தைக் காலை வச்சுக்கிட்டு நான் யாரு மடியில போய் ஒக்காரப் போறேன்? சொல்லுலே, எவனை விட்டு அடிச்சே? சொல்லு!

— மாப்ளே, வேணாம்! ரத்தம் வருதுலே அவரு கழுத்துல!

— வரட்டும் மச்சான். என் ரத்தத்தை வண்டி பூரா ஓட விட்டானே, இவனுது கொஞ்சம் ஓடட்டும். இன்னும் அரை விரக்கடை உள்ள போனா முடிஞ்சுது. மூணு எண்ணுவேன். ஒண்ணு...

— யோசிச்சுப் பாருடா முட்டாள்! நீ ஆடலைன்னா உனக்கும் ரெண்டு, வர்றவனுக்கும் தனியா. எனக்குத்தான்டா டபுள் செலவு! நான் எதுக்கு உன் காலை ஒடிக்கணும்?

— கப்பு வேணும் உனக்கு. கொடைக்கானல்ல உன் ஓட்டல் வாசல்ல வைக்க. ரெண்டு...

— கப்பு வாங்க உன்னை விட்டா யாரு இருக்கா? உன்னை ஒடிச்சுட்டு அவனை வச்சு ஜெயிப்பேனா? ஆ! கத்தியை அழுத்தாதே, சொல்றேன், சொல்றேன்! மாத்து ஆளைக் கூப்பிட என் கையெழுத்தே வேணாம். கேப்டன் கையெழுத்து போதும். ஓனர்களை நம்ப மாட்டேன்னு அதையும் நீதானே எழுத வச்சே!

— கேப்டன்... என்னலே ஒளர்றே?

— நேத்து சாயங்காலம் அழகுமலை என் ரூமுக்கு வந்தான். ஞானவேல் ஆட முடியாமப் போனா, காலியாகுற ரெண்டு லட்சத்துல வர்றவனுக்கு எம்பதாயிரம் போக மிச்சத்தைப் பசங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பீங்களான்னு கேட்டான். சும்மா பேச்சுக்குக் கேக்குறான்னு நினைச்சேன். சரின்னு சொன்னேன். காட் பிராமிஸ், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்!

— மச்சான், கேட்டீகளா? உசுருப் பயத்துல யாரு தலையில போடுறான் பாத்தீகளா? இல்லேன்னு சொல்லுங்க, இந்த இடத்துலயே இவனை அறுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன். சொல்லுங்க மச்சான்.

— அவரை விட்டுரு மாப்ளே.

— இல்லேன்னு சொல்லுங்க!

— அவரு மேல தப்பு இல்ல. பழனிக்குமாருக்கு நான்தான் போன் போட்டேன். கெண்டைக்காலு எலும்பு மூணு மாசத்துல கூடிரும்னு நெனச்சேன். உனக்குச் சம்பளம் வந்துரும், பயலுகளுக்கும் கெடைக்கும், நாளையில இருந்து வள்ளி வீட்டுல இருப்பான்னு நெனச்சேன். மொத அடியில ஒடியல. மறுபடி ஓங்குனப்ப நீ பொரண்டுட்டே.

— அக்கா கையால எனக்குச் சோறு போட வச்சு, உன் கையால என்னை... சிரிச்சியேடா! என் முட்டியை நொறுக்கிப்புட்டு, நின்னு சிரிச்சியேடா!

— நான் சிரிக்கல மாப்ளே. அழுதேன்.