இருபது தொப்பி

உக்காருங்க இலக்கியாம்மா, அட உக்காருங்க. வந்ததுலருந்து நின்னுட்டே இருக்கீங்க. சின்னப் புள்ளைங்க சேருதான், ஆனா ஒடையாதுங்க, நானே அதுலதான் உக்காருவேன். தண்ணி குடிக்கிறீங்களா? வேண்டாமுங்களா. செரி.

இலக்கியாவுங்களா? வந்துருவாளுங்க. ரெண்டாவது வேன்ல வாரா. மொத வேன்ல வந்த புள்ளைங்களத்தான் அவங்கவங்க ஊட்டுல வந்து கூட்டீட்டுப் போயிட்டாங்க. இவ அடுத்த வேன். குமரன்தான் ஓட்டறான். ஆராயி ஆயாளும் கூட இருக்குதுங்க. இன்னும் ஒரு பத்து நிமிசம்னு வெச்சுக்குங்க. பாருங்க, போன மேசை மேலயேதான் வெச்சுருக்கறேன். கூப்புடச் சொல்லீருக்குது.

அந்த மூலையில உக்காந்துருக்கற பையனுங்களா? அவன் தர்ஷன். அவங்கம்மா தறிக்குப் போறவங்க, ஒரு மணிக்கு மேலதான் வருவாங்க. அழுவறதுங்களா? அது ஒண்ணுமில்லீங்க. கணக்குல தப்புப் பண்ணீட்டான், தலையில ஒரு குட்டு வெச்சேன். மெதுவாத்தானுங்க. அதுக்குப் பதினொரு மணியிலருந்து விசும்பீட்டே கெடக்கறான். டேய் தர்ஷன், மூக்கத் தொடைடா சாமி.

செவுத்துல என்னங்க பாக்கறீங்க? ஓ, அதுங்களா. பனிப் பொம்மைங்க. பஞ்ச உருட்டி ஒட்டுனது. நம்ம கரஸ்பாண்டன்ட் அர்த்தநாரி சார் எங்கயோ ஒரு கண்காட்சிக்குப் போயி ஒரு பெட்டி வாங்கியாந்தாருங்க. விண்டர் மேத்ஸாம். குளுர்காலத்த வெச்சுக் கூட்டல் கழித்தல். பனிப் பொம்மை, பெங்குயின், கையுறை, அப்படி. எனக்கே சிரிப்புத்தான் வந்துச்சு. நாமக்கல்லுல மார்கழின்னா நமக்கு என்னங்க, காலங்காத்தால மூக்கு ஒழுகும், ஒம்போது மணிக்கு வெயிலு மண்டையப் பொளக்கும். கையுறைக்கு எங்க போறது? காலுறைய மாட்டி உட்டு ரெண்டு ரெண்டாக் கூட்டச் சொன்னேன்.

மொத நாளு போர்டுல அஞ்சு பொம்மை வரைஞ்சேனுங்க. வெயிலு வந்துச்சு, ரெண்டு பொம்மை உருகிப் போச்சு, மீதி எத்தனைன்னு கேட்டேன். எல்லாரும் மூணுங்குது. இவன், இந்தத் தர்ஷன், பூச்சியம்ங்கறான். ஏண்டான்னா, நம்மூரு வெயிலுக்கு அஞ்சும் உருகிரும் மிஸ்ஸுங்கறான். வகுப்பே சிரிச்சு உருளுது. நான் நோட்டுல தப்புப் போட்டுக் குடுத்தேன். புஸ்தகத்துல மூணுன்னுதானுங்களே இருக்குது.

மணி பன்னெண்டே முக்காலுங்க. வந்துருவாங்க. ரோட்டுல என்ன, புதுச்சத்திரத்துக்கு அக்கட்டச் சித்த லாரி நெருக்கடி இருக்கும்.

உங்க புள்ளைக்குத்தானுங்க அந்தப் பெட்டி நெம்பப் புடிச்சுது. அவ எண்ணற அழகே தனி. மத்ததுங்க இருபதுக்குள்ளயே தடுமாறும், இவ முப்பது வரைக்கும் விரலே மடக்காமச் சொல்லுவா. ஒரு நாளு வந்து எம்முந்தானையப் புடிச்சுட்டு, மிஸ், பனின்னா எத்தனை குளுரும்னு கேட்டா. ஐஸ் பொட்டிக்குள்ள கைய வெச்ச மாதிரின்னேன். கைக்கு மட்டுமான்னா. இல்ல சாமி, ஒடம்பு பூராவும்னேன். அது எப்படின்னா. சொன்னாப் புரியாது, காட்டத்தான் வேணும்னு நெனச்சேன். அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. நம்மூர்ல பனிக்கு என்ன பஞ்சம், முட்டை வெக்கற குளுர் குடோன் இருக்கையிலன்னு.

ஆமாங்க, சீட்டு அனுப்பிச்சமே, நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. தீனதயாளன் சாருது குடோன். கரஸ்பாண்டன்டுக்கு மாமன் மச்சான் ஒறம்பரைங்க அவரு. வெளிநாட்டுக்கு முட்டை ஏத்தறவரு. உள்ள போனா, அடேயப்பா, தரையிலருந்து ஆளொசரத்துக்கு அட்டை அட்டையா வெள்ள முட்டை. புள்ளைங்க வாயத் தொறந்தது மூடல. கதவுக்கு மேல குளுரு காட்டற மீட்டரு, நாலு டிகிரின்னு செவப்பா எரியுது. கதவே ஒரு சாண் கனமுங்க. அடைச்சா உள்ள கத்துனாலும் வெளிய கேக்காது. தாப்பாளு வெளியில. லைட்டு சுவிச்சும் வெளியிலதான். தீனதயாளன் சாரு, மிஸ் சுருக்கா முடிங்க, மோகனூர்ல ஒரு காதுகுத்துக்குப் போவோணும், நான் பூட்டீட்டா அப்பறஞ் சாயங்கால லோடுக்குத்தான் தொறப்பம்னாரு.

இல்லீங்க, குளுருக்குத் தொப்பி போட்டுத்தானுங்க கூட்டீட்டுப் போனேன். செவ்வாய்ப்பேட்டையில மொத்தக் கடையில புடிச்சது. வெள்ள உல்லன், உச்சியில செவப்புக் குஞ்சம். யூகேஜியில இருபது புள்ளைங்க, எண்ணி இருபது தொப்பி. எண்ணறதுக்கும் அதுதான் சௌகரியம்னு வெச்சுக்குங்களேன். போன வருசம் நான் தலையத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன், நாபகம் இருக்குதுங்களா? இலக்கியாவுக்கு மூணு நாளு காச்ச வந்தப்ப நீங்கதான வந்து சொன்னீங்க. ஆடு மாடாட்டம் புள்ளைங்களத் தொட்டு எண்ணாதீங்க மிஸ், கண்ணு பட்டுரும்னு. அன்னைக்கிருந்து நான் தலைய எண்ணறதே இல்லீங்க. செருப்ப எண்ணுவேன், பைய எண்ணுவேன், தண்ணிப் பாட்டில எண்ணுவேன். இன்னைக்குத் தொப்பிய எண்ணுனேன். ஐயோ, உங்களக் குத்தஞ் சொல்லலீங்க. நீங்க சொன்னது மொறைதான். சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

உள்ள நல்லாத்தானுங்க நடந்துச்சு. பத்து முட்டை வெச்சு மூணு எடுக்கறது, அஞ்சோட நாலு சேக்கறது. ஆராயி ஆயா நெல்லு அளக்கற மாதிரி, ஒண்ணுங்கறதுக்குப் பதிலா லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணுச்சுங்களா, புள்ளைங்க எல்லாம் ஆயா ஒண்ணக் காணோம், ஒண்ணக் காணோம்னு ஒரே கூத்து. இலக்கியா மட்டும் தன்னோட கணக்கப் போட்டுட்டு, அடுத்தது குடுங்க மிஸ், அடுத்தது குடுங்கன்னு நிக்கறா. நான் என்ன பண்ணுனேன், அந்தக் கடைசி வரிசைக்குப் பின்னால போயி ஒரு அட்டையில எத்தனை முட்டைன்னு முழுசா எண்ணீட்டு வா சாமின்னு அனுப்பிச்சேன். முப்பது இருக்குமுங்க ஒரு அட்டைக்கு. அவளுக்குத்தான் அது முடியும்.

போன் பண்றீங்களா? உங்கூட்டுக்காரருக்குங்களா? சித்த பொறுங்க. இதச் சொல்லீர்றேன், அப்பறம் பண்ணுங்க.

அந்த நேரம் பாத்துப் பிரவீனாங்கற புள்ளை குளுரு தாங்காம நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டா. ஒரே அழுகை. ஒண்ணு அழுதா நாலு அழுவும், உங்களுக்குத் தெரியாததா. தீனதயாளன் சாரு வேற வெளியில வண்டிய ஸ்டார்ட்டுல வெச்சுட்டு நிக்கறாரு. வாங்க வாங்க வாங்கன்னு வெளிய தள்ளியாந்தேன். அவரு லைட்ட அணைச்சாரு, பூட்டுனாரு, போயிட்டாரு. புள்ளைங்க வேன்ல ஏறுச்சு. ஏறுன உடனே எண்ணுனமுங்க. சும்மா உடலீங்க. எண்ணாம நான் ஒரு நாளும் வண்டிய எடுக்க உட்டதில்ல. எல்லாரும் சேந்து எண்ணலாம், எத்தனை தொப்பி சொல்லுங்கன்னேன். புள்ளைங்க எல்லாம் கோரஸா எண்ணுச்சு. இருபது. நானும் எண்ணுனேன். இருபது. கணக்குச் செரியா இருந்துச்சுங்க. இப்ப எண்ணுனாலும் செரிதான், அந்தா அந்தப் பெட்டியில இருபதும் இருக்குது.

எந்திரிக்காதீங்க. அதென்னன்னா, இங்க வந்து, பால் குடுத்து, பாட்டுச் சொல்லி, பன்னெண்டேகாலுக்குப் பைய எடுத்து மாட்டி உட்டுட்டு இருந்தனுங்களா. ஒரு பை மிச்சம். அந்தா ஆணியில தொங்குதுல்ல, மயில் படம் போட்டது. உங்க புள்ளையுதுதான். ஆராயி ஆயாளக் கூப்புட்டேன். அது தலையில தொப்பியோடவே வந்து நிக்குது. அதுக்குக் காதடைப்பு, காலையில குடோன்குள்ள காதப் பொத்தீட்டே நின்னுச்சாம். இலக்கியா பாத்துட்டு, ஆயா நீங்க போட்டுக்குங்க, எனக்கு அரிக்குதுன்னு கழட்டி மாட்டி உட்டாளாம். அந்தத் தொப்பிய நான் வேன்ல எண்ணீட்டனுங்க. கடைசி சீட்டுல ஆயா உக்காந்திருந்துச்சு. குஞ்சம் மட்டுந்தான் எங்கண்ணுக்குத் தெரிஞ்சுது.

எங்க பள்ளிக்கூடத்துக்கு வேன் ஒண்ணுதானுங்க. நீங்களும்தான் தெனமும் பாக்கறீங்க.

ஏனுங்க, எங்கையப் புடிக்காதீங்க. அடிங்க வேண்ணா, பரவால்ல. குமரனும் ஆயாளும் போயி அரை மணி நேரம் ஆவுது. தீனதயாளன் சாரு போன எடுக்கல, அங்க மேளச் சத்தத்துல கேக்காது. கடப்பாரை கொண்டு போயிருக்கறான். பூட்ட ஒடைச்சுருவான். நீங்க வண்டியில வேகமாப் போயி ரோட்டுல ஒண்ணு ஆயிரக் கூடாதேன்னுதான், சேதி வரட்டும்னு உக்கார வெச்சேன். அப்படின்னு சொன்னா அது பொய்யிங்க. எனக்கு வாய் வரலீங்க. நீங்க சிரிச்சுட்டே உள்ள வந்தீங்க, இன்னைக்கு என்ன மிஸ் பனியெல்லாம் பாத்தாளான்னு கேட்டீங்க. நான் என்னன்னு சொல்லுவேன்?

இருங்க. போன் அடிக்குது. குமரன்தான்.

சொல்லு குமரா. தொறந்தாச்சா? எங்க இருந்தா? ம். அட்டைக்கு நடுவுலயா? மூச்சு? மூச்சு இருக்குதாடா, அத மொதல்லச் சொல்லு. ம். ம். கூப்புட்டுப் பாத்தியா? சட்டையக் கழட்டி மூடு, ஆயாள மடியில வெச்சுக்கச் சொல்லு. பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டு, எங்கயும் நிறுத்தாத. நாங்க வாரோம்.

மூச்சிருக்குதுங்க. இருக்குதுங்க, இருக்குதுங்க. கண்ணுதான் இன்னும் தொறக்கலையாம். வாங்க, உங்க வண்டியிலயே போலாம். சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன். அந்தத் தொப்பியில ஒண்ண எடுத்துக்கறேன், காது குளுந்து கெடக்கும்.

தர்ஷன், எந்திரி சாமி, நீயும் வா. இவனத் தனியா உட்டுட்டு எப்படிங்க போறது. முன்னால நிக்க வெச்சுக்கலாம், இவன் எடம் புடிக்க மாட்டான். அழுவாதடா. மிஸ்ஸு இனி அடிக்க மாட்டேன்.

வேன்ல எல்லாரும் இருபதுங்கையில இவன் ஒருத்தன் பத்தொம்போதுன்னானுங்க. இன்னொருக்கா எண்ணுடான்னேன். மறுக்காவும் பத்தொம்போதுன்னான். அப்பத்தான் குட்டு வெச்சேன், இருபதுன்னு சொல்லுன்னேன். அழுதுட்டே சொன்னான். பை மிச்சமானதுக்கப்பறம் கூப்புட்டுக் கேட்டேன், ஏஞ்சாமி அப்படிச் சொன்னேன்னு. ஆயா பாப்பா இல்லியே மிஸ்ஸுங்கறான். அவன் மொதத் தடவ சொல்லையில வேன் இன்னும் குடோன் கேட்டக்கூடத் தாண்டலீங்க.