வெறும் வயிற்றில் ஆவாரம்பூ டீ

பழங்காநத்தத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். விடிந்ததுமே வரிசை. குத்தப்போகும் ஊசியை நினைத்து நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பேரையூர்க்காரர் ஒருவர், மனைவியின் தம்பியோடு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"மாப்ள, இன்னிக்குச் சர்க்கரை குறையலைன்னா தெனமும் இன்சுலின் போடணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. கொறையும் பாரு."

"எப்படி மாமா அம்புட்டு உறுதியாச் சொல்றீங்க?"

"ஒரு மாசமா ஆவாரம்பூ டீ. சர்க்கரைக்கு அதுக்கு மேல மருந்து கெடையாது. ஒடம்பே பளபளன்னு ஆயிருச்சுல்ல? இப்பக்கூட ஒரு சொம்பு குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

ரத்தம் எடுக்கும் பெண்ணின் காதில் அந்தச் சொம்பு விழுந்துவிட்டது.

"அண்ணே, வெறும் வயித்தோடல்ல வரச் சொன்னோம்?"

"வெறும் வயித்துலதாம்மா குடிச்சேன். அப்பத்தான் மூலிகை பிடிக்கும்."

"சீனி போட்டீங்களா?"

"சீனியா? அது வெஷம்லம்மா! கருப்பட்டிதான்."

"எம்புட்டு?"

"கசப்பு அடங்குற அளவுக்கு."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். "கருப்பட்டியும் சர்க்கரைதான் மாமா!"

"இப்ப எடுத்தா ஏறித்தான் காட்டும். நாளைக்கு ஒன்னும் குடிக்காம வாங்க," என்றாள் அந்தப் பெண்.

பேரையூர்க்காரர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை நிதானமாக இறக்கிவிட்டார்.

"பாத்தியா மாப்ள? இன்னிக்கு ஊசி கெடையாது. மூலிகைன்னா சும்மாவா?"

அடுத்து என் முறை. பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிற்றோடு, தப்பிக்க ஒரு வழியும் இல்லாமல், கையை நீட்டினேன்.