இந்தச் சின்னத்தின் மேல் தூங்கியவர் யார்?

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, அவர் பக்கத்தில் அமர்ந்து, நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்று கைக்கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாக இயக்குநரே, அதாவது என் மகனே, நம் விளம்பரப் பிரிவைத் தாங்கி நிற்கும் என் மருமகளே, பஞ்சடிக்கும் பிரிவின் பெருமக்களே, ஊசியையும் நூலையும் இந்த ஒரு மாலைக்கு மறந்து வந்திருக்கும் தையல் பிரிவின் தாய்மார்களே, மெத்தைகளைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏற்றும் மல்லர்களே, நம் தலையணையில் தலைவைத்து உறங்கிவிட்டு விழாவுக்குத் தாமதமாக வந்து பின்னால் நிற்கும் வாடிக்கையாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். தாமதத்தை மன்னிக்கிறேன். அது நம் பொருளுக்குக் கிடைத்த பாராட்டு.

முதலில் ஒரு திருத்தம்.

வரவேற்புரை ஆற்றியவர், "ஐயா தம் பொற்கரங்களால் வரைந்த நம் நிறுவனத்தின் சின்னம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். மரியாதைக்காக நானும் தட்டினேன். ஆனால் தவறு தவறுதான். என் கணவருக்கு வரைய வராது. அடிக்கோலைக் கையில் கொடுத்தாலும் அவர் போட்ட கோடு ஆறு போல வளைந்து எங்கோ போய்ச் சேரும். அந்தச் சின்னத்தை வரைந்தவள் நான். அதில் அவருடைய பங்கு ஒன்றே ஒன்று. நான் வரைந்துகொண்டிருந்தபோது அவர் குறட்டை விட்டார்.

சிரியுங்கள், தவறில்லை. அந்தக் குறட்டை இல்லாவிட்டால் அந்தச் சின்னமே இல்லை. அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, பழசக் கட்டிக்கிட்டு அழறாங்க, புதுச் சின்னத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க" என்று. வயதானது உண்மை. மற்ற இரண்டும் பொய். நான் அழவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நம் சின்னம் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை மாற்ற என் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்டார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் வரவில்லை. அழைப்பிதழ் வந்தது. இதோ, எனக்குப் பின்னால் பலகை. பலகையின் மேல் பட்டுத் திரை. திரைக்கு ஒரு கயிறு. "அம்மா இழுத்துத் திறந்து வைப்பார்" என்று அச்சடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமலே அச்சடித்திருக்கிறார்கள்.

கயிறு இருக்கட்டும். கதையைக் கேளுங்கள்.

நம் தொழிற்கூடத்தில் ஓர் அறை இருக்கிறது. தூக்க அறை. விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மணி ஓய்ந்த பிறகு, பிரிவுக்கு ஒருவராக அங்கே போவார்கள். புதிதாகச் செய்த மெத்தையில், புதிதாகத் தைத்த தலையணையில், தூங்குவார்கள். ஜன்னலுக்கு நீலத் துணி. சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் ஒரு மின்விசிறி. துணியின் ஓரமாக நுழையும் வெயிலில் பஞ்சின் இழைகள் மிதக்கும். விழாது, எழாது, மிதந்துகொண்டே இருக்கும். அந்த வாசலில் நின்றால் நாம் நிற்பது தரையா தண்ணீரா என்று சந்தேகம் வரும். உறங்குகிறவர்கள் எல்லோரும் கரையில் கட்டிய படகுகள் போல, ஒரே மூச்சில் மெல்ல ஏறி, மெல்ல இறங்குவார்கள்.

அவர்கள் விழித்ததும் வாயில் வரும் முதல் சொல்லை வாசலில் நிற்கும் மேற்பார்வையாளர் கேட்டுக்கொள்வார். யோசித்துச் சொல்லும் சொல் வேண்டாம். கனவு கரைவதற்குள் கழன்று விழும் சொல்தான் வேண்டும். "கழுத்து" என்றால் தலையணை திரும்பிப் போகும். "முதுகு" என்றால் மெத்தையைப் பிரித்துவிடுவோம். "மணி என்ன?" என்றால்...

அங்கே தையல் பிரிவு இப்போதே கைதட்டுகிறது. ஆம், தேர்ச்சி! நேரத்தையே தொலைத்துவிட்டு எழுந்தவருக்கு அல்லவா அந்தக் கேள்வி வரும்?

இந்த அறையைத் தாண்டாமல் நம் வாசலைத் தாண்டிய பொருள் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. அது ஒரு சிங்கம்.

ஆம், சிங்கம்! நம் முதல் சின்னம் சிங்கம்தான். என் கணவருக்கு அதில் அப்படி ஓர் ஆசை.

"ஏங்க, தலையணைக்கு எதுக்குங்க சிங்கம்?"

"கம்பீரமா இருக்கும்மா. பாக்கறவன் ஒரு நிமிஷம் அசந்து நிப்பான்."

"நிக்கறதுக்கா அவன் தலையணை வாங்கறான்?"

என் பேச்சு எடுபடவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியரை வைத்து வரையச் சொன்னார். பிடரி, பல், வால், வால் நுனியில் ஒரு குஞ்சம். அத்தனையையும் தடித்த நூலில், தலையணையின் நட்டநடுவே தைத்தார்கள். தலையணை தேர்ச்சி பெற்ற பிறகுதான் சிங்கம் அதன் மேல் ஏறியது. "சிங்கத்தோட ஒரு தடவ தூங்கிப் பாக்கச் சொல்லுங்க" என்றேன். "சின்னத்து மேல யாராவது தூங்கிப் பாப்பாங்களா? நீ வேற!" என்றார்.

என்ன நடந்தது? ஒரு தலைமை ஆசிரியரின் கன்னத்தில் தடிப்பு வந்தது. சரும மருத்துவரிடம் போனார். படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார்கள். களிம்பைத் தடவிக்கொண்டு, கடமை தவறாமல் அதே தலையணையில் தூங்கினார். காலையில் தடிப்பு அப்படியே இருந்தது. இன்னும் காரமான களிம்பு கொடுத்தார்கள். அதே தலையணை. கடைசியில் அவருடைய மனைவிதான் உற்றுப் பார்த்தார். "ஏங்க, உங்க வியாதிக்கு வால் இருக்குங்க!"

தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெரிய மனிதர் நம் கடைக்கே வந்துவிட்டார். கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட! பிடரிகூடத் தெளிவா விழுந்திருக்கு!"

அன்று நான் அவரைத் தனியே அழைத்துப் பேசியதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு சிங்கத்தைத் தூக்க அறைக்கு அனுப்பினோம். தூங்கியவர் நம் பஞ்சு மாமா. இதோ, இரண்டாவது வரிசையில் இருக்கிறார். என் பேச்சு தொடங்கியபோதே தூங்கிவிட்டார், எழுப்ப வேண்டாம். அன்றும் படுத்த உடனே தூங்கினார். விழித்ததும் அவர் சொன்ன முதல் சொல், "கடிக்குது."

சிங்கத்தின் ஆட்சி அத்துடன் முடிந்தது. வேலை என் மடிக்கு வந்தது.

நான் கான்வென்டில் படித்தவள். எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், நாங்கள் பூ வேலை செய்த கைக்குட்டையைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தேய்ப்பார். உறுத்தினால், "பிரி" என்பார். அவ்வளவுதான். எத்தனை பூக்களைப் பிரித்திருக்கிறேன்! அழகாக இருப்பது வேறு, ஒரு முகத்தின் அருகே இருக்கத் தகுதி பெறுவது வேறு என்று அந்த ஒரு சொல்லில் கற்றேன்.

பிறை நிலவை வரைந்து தைத்தேன், அதன் கொம்பு குத்தியது. ஆந்தையை வரைந்தேன், அலகு குத்தியது. மேகம் வரைந்தேன், முடிச்சு முடிச்சாக உறுத்தியது. எல்லாம் அழகு, எல்லாம் உறுத்தல். ஒரு பிற்பகல், தூக்க அறையின் மூலையில் நாற்காலி போட்டு, மடியில் பலகையுடன் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். பக்கத்து மெத்தையில் சாய்ந்தபடி மறுபடியும் ஆரம்பித்தார்.

"குட்டிச் சிங்கமா போட்டா என்ன? குட்டின்னா பல்லு சின்னதா..."

அத்துடன் நின்றது. தூங்கிவிட்டார். அடுத்த நிமிடம் குறட்டை.

நிமிர்ந்து பார்த்தேன். மழை வந்தால் பஞ்சு நனையுமே என்று வானத்தை முறைக்கும் முகம், வண்டி வரவில்லை என்று தெருவை முறைக்கும் முகம், என்னோடு வாதாடியே வயதான முகம், அந்த நீல வெளிச்சத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தது. இறக்கி வைத்த இடம் எது? இமை. மூடிய இமையின் விளிம்பு. ஒரே ஒரு கோடு. உள்முனையில் தொடங்கி, மெல்லத் தாழ்ந்து, வெளிமுனையில் எங்கே முடிகிறது என்று தெரியாமல் முடியும் கோடு. பஞ்சின் இழை ஒன்று மிதந்து வந்து அதன் மேல் அமர்ந்தது. அவர் அசையவில்லை. நான் பென்சிலை வைத்தேன், இழுத்தேன், எடுத்தேன். முடிந்துவிட்டது.

அதைத்தான் நீங்கள் படகு என்கிறீர்கள், கிண்ணம் என்கிறீர்கள், புன்னகை என்கிறீர்கள். எதுவாகவும் பாருங்கள், எனக்கு வருத்தமில்லை. நான் பார்த்தது தூங்கும் ஒரு மனிதரின் இமையை.

அவர் விழித்தார். என்ன கேட்டார் தெரியுமா? நீங்களே சொல்லுங்கள்!

"மணி என்ன?" அதேதான்!

அதை ஒற்றை நூலில், தலையணையின் ஓரத்தில் தைத்தோம். கன்னத்தில் மெலிதாக அச்சு விழும். எனக்குத் தெரியும். தலையணையில் எதைத் தைத்தாலும் அச்சு விழத்தான் செய்யும். விழுகிற அச்சு வெட்கப்பட வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி புதுச் சின்னம். திரைக்குப் பின்னால் இருப்பதை நான் பார்த்துவிட்டேன். அது ஒரு திறந்த கண். அழகில் குறையே இல்லை. வட்டத்தில் பிசிறில்லை. விடிவதற்குச் சற்று முன் வானம் காட்டும் நிறம். செய்தவள் என் மருமகள். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு விரித்துக் காட்டினாள்.

"அத்தை, இது கண்ணு. உங்களுக்காக நாங்க முழிச்சிருக்கோம்னு அர்த்தம்."

"யாரும்மா முழிச்சிருக்கறது?"

"கம்பெனி, அத்தை."

"தூங்கறவங்களப் பாத்துக்கிட்டா?"

என் மகன் குறுக்கே வந்தான். "அம்மா, அது நம்பிக்கைம்மா."

"நம்பிக்கை வந்தா கண்ணு மூடும்டா. திறக்காது."

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா?"

"ஜெயிக்க வேண்டாம். இதுக்குப் பதில் சொல்லு. இது மேல யார் தூங்கினாங்க?"

சிரித்தான். "லோகோ மேல யாராவது தூங்கிப் பாப்பாங்களாம்மா? நீங்க வேற!"

நீங்க வேற! அதே சொல், அதே குரல், அதே மூக்கு! பழைய சிங்கம் மறுபடியும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது போல இருந்தது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. தாளைச் சுருட்டியபடி ஏதோ யோசித்தாள். அதை நான் கவனித்தேன்.

என் சொந்தக் காரணம் ஒன்றும் இருக்கிறது. மறைக்க மாட்டேன். மருத்துவமனையில் என் கணவரின் மூச்சு நின்றது ஒரு பிற்பகலில். வலது இமை தானாக மூடியிருந்தது. இடது இமை கொஞ்சம் திறந்திருந்தது. செவிலியர் கை நீட்டினார். "நான் செய்யறேம்மா" என்றேன். கோடு எங்கே போய் முடிய வேண்டும் என்று எனக்கல்லவா தெரியும்? என் விரலுக்கு அது பழகிய கோடு.

இப்போதும் காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் என் கன்னத்தில் அந்த இமை இருக்கிறது. காபி ஆறுவதற்குள் மறைந்துவிடும். அதுவரை நான் யாரோடும் பேசுவதில்லை. இவ்வளவு காலமும் அம்மாவுக்குக் காலையில் கோபம் என்று நினைத்தீர்கள். அதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

இதற்காகப் பழைய சின்னத்தை வைத்திருங்கள் என்று கேட்கமாட்டேன். என் தன்மானம் இடம் தராது. என் அலமாரியில் பழைய தலையணை உறைகள் என் ஆயுளுக்குப் போதுமான அளவு இருக்கின்றன. நான் கேட்பது உங்களுக்காக.

சின்னம் என்றால் என்ன? அலங்காரமா? ஆரவாரமா? வாசலில் தொங்கும் வண்ணமா? சொல்கிறேன். வேலை முடித்து வரும் ஓட்டுநர் நம்மிடம் எதைத் தருகிறார்? பிள்ளையை உறங்கவைத்துவிட்டுத் தானும் சரியும் தாய் எதைத் தருகிறாள்? நாளைய தேர்வை நினைத்து நடுங்கும் மாணவி எதைத் தருகிறாள்? ஊரில் யாரை நம்பியும் மூடாத கண்ணை, நம்மை நம்பி மூடுகிறார்கள்! அதைவிடப் பெரிய ஒப்படைப்பு இந்த உலகத்தில் உண்டா? அதை வாங்கிக்கொள்ளும் கை எப்படி இருக்க வேண்டும்? சிங்கத்தை வைப்பவன் தன் வீரத்தைப் பேசுகிறான். திறந்த கண்ணை வைப்பவன் தன் விழிப்பைப் பேசுகிறான். மூடிய இமையை வைப்பவன் மட்டுமே, தூங்க வந்தவரைப் பற்றிப் பேசுகிறான்!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கைதட்டலால் இது முடிவாகக் கூடாது. நான் சொல்வது தவறாக இருக்கலாம். அந்தத் திறந்த கண்ணின் மேல் என் இமையைவிட நல்ல தூக்கம் வரலாம். யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள நமக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கே நீலத் துணி இன்னும் தொங்குகிறது. விசிறி இன்னும் சுற்றுகிறது.

ஆகவே இந்தக் கயிற்றை இன்று நான் இழுக்கப் போவதில்லை. இது கோபம் இல்லை, முறை. தலைவர் அவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட தாய்மார்களுக்கும், தூங்கியே எனக்கு மரியாதை செய்த பஞ்சு மாமாவுக்கும் என் நன்றி.

மருமகளே, உனக்கு ஒரு வேண்டுகோள். இந்த விழாவுக்காக நீ பல வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. உன் கண்ணுக்குக் கீழே தெரிகிறது. நீ வரைந்த கண்ணை ஒரு தலையணையில் தைத்து எடுத்துக்கொண்டு, நாளை சாப்பாட்டுக்குப் பிறகு தூக்க அறைக்கு நீயே போ. தூங்கு. விழித்ததும் உன் வாயில் வந்த முதல் சொல்லை, அதை மட்டும், எனக்கு எழுது. போனில் வேண்டாம், என் மகன் வழியாகவும் வேண்டாம். தாளில், உன் கையெழுத்துடன் வேண்டும். அது "மணி என்ன?" என்று இருந்தால், ஒப்புதல் தாளில் அன்றே என் கையெழுத்து விழும். கயிற்றை இழுக்கவும் நானே வருகிறேன். நீ எழுதுவதை நான் நம்புவேன்.

உன் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். எல்லோருக்கும் வணக்கம்.