முன்னால் ஓர் எழுத்து

மெராப்பி மலை மேல் ஆணை, நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தேநீருக்கு நான்கு கரண்டி சர்க்கரை போடுவதை மருத்துவரிடம் மறைத்ததுண்டு. மற்றபடி நான் யாரையும் ஏமாற்றியவனல்ல, ஏமாந்தவன்.

என் பெயர் சுகிர்மான். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. ஜாவாவில் ஒரு மனிதனுக்கு ஒரு பெயர் போதும். யோக்யகர்த்தாவில், பேராசிரியர் விட்யாஸ்துதி அம்மாவின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் புரதம் தயாரித்தேன்.

மூளையில் காவல்கார உயிரணுக்கள் உண்டு. அவற்றின் மேல், கிருமியைக் கண்டால் அலறும் உணர்விகள். வயதான மூளையில் சொந்தப் புரதமே கட்டிதட்டி அந்த உணர்வியைத் தொட்டுவிட, காவல்காரன் வீட்டுக்காரனையே திருடன் என்று நினைத்து அடித்து நொறுக்குகிறான். இது அம்மாவின் கட்சி. சோதனைக்கான புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்து, பாக்டீரியாக் கழிவு துளியும் இல்லாமல் கழுவித் தருவது என் வேலை. கழிவு மிஞ்சினால் உணர்வி அதற்கே அலறும். புரதம்தான் அலறவைத்தது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். கழிவில்லை என்று கையெழுத்துப் போடுவதும் நானே.

"உங்க பேரு இல்லாம கட்டுரை வெளிய போகாதுங்கய்யா" என்று அம்மா சொல்லியிருந்தார். வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்ததும் பார்த்தேன். எஸ். சுகிர்மான் என்றிருந்தது. என் பெயரின் கழுத்தில் எவனுடைய எழுத்தோ தொங்கியது. டீனின் மருமகன் சத்ரியோ அந்த மாதம் ஆய்வகத்தையே சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கும் முதலெழுத்து எஸ்தான். அவனுடைய முழுப்பெயரை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது?

கட்டுரைக்காக வைத்த விருந்தில், மதிப்புக்குரியவருக்கே தரும் மஞ்சள் சோற்றுக் கூம்பின் உச்சியை வெட்டி, முதலில் என் தட்டில்தான் வைத்தார் அம்மா. வாயை அடைக்கும் சோறு என்று புரிந்துகொண்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு துளிக் கழிவை விட்டுவைத்தேன். கருவியின் முள் துள்ளிய துள்ளலில் சுவரிலிருந்த பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது.

"என்னங்கய்யா, இந்தக் கத்து கத்துது! போன வாரம் முனகிட்டுத்தானே கெடந்துச்சு?"

"தொண்டை சரியாயிருக்கும்மா."

"போங்கய்யா! எல்லாம் உங்க கைராசி."

உணர்வியின் வாயை அடைக்க மருந்து வந்தது. அலறல் பெரிதென்பதால் அளவும் பெரிது. பதினான்கு முதியவர்களுக்குக் கொடுத்தார்கள். காவல்காரன் உறங்கிவிட்டான். மழைக்காலத்தில் நிஜக் கிருமி வந்தது. ஐந்து பேர் போனார்கள். நான்காமவர் அம்மாவின் அப்பா. நான் போடும் தேநீர் அவருக்குப் பிடிக்கும்.

அடக்கம் முடிந்ததும் அம்மா கேட்டார்: "நான் எங்கய்யா தப்பு பண்ணேன்?"

"ஆளை நம்பி மோசம் போனா இப்படித்தாம்மா" என்றேன். என்னை நினைத்துத்தான் சொன்னேன்.

நேற்று உங்கள் விசாரணைக் குழு அந்த இதழின் படிவத்தை என் முன்னால் வைத்தது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அதில் இடமில்லை. அதே பெயரை இருமுறை எழுதவேண்டுமாம். அம்மா தன் கையாலேயே நிரப்பியிருந்தார்: சுகிர்மான் சுகிர்மான். அச்சில் முதல் பெயரைச் சுருக்கிவிடுவார்கள்.

சத்ரியோவின் முழுப்பெயர், சத்ரியோ ஹண்டோகோ.