சுழற்றாமல் திறந்த குப்பி

மாண்புமிகு விசாரணைக் குழுவினரே, அறிவியல் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க ஓர் உண்மையை இன்று வெளியிடுகிறேன். இந்த ஆய்வகத்து உறைபெட்டியின் சாவி இருபத்திரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. யார், எந்தத் தேதியில், எதை எடுத்தார், வேலைக்கு வந்தாரா, விடுப்பா, எல்லாம் என் பதிவேட்டில் இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. "உங்க கையெழுத்துக்கே ஒரு பட்டம் கொடுக்கலாம்ணே" என்பாள் ஓர் ஆய்வு மாணவி. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்திருந்தோம். பேராசிரியருக்குச் 'சிகரம்'. லிஃப்டில் ஏறினாலும் மலையேறுகிற கம்பீரத்தோடுதான் ஏறுவார்.

விஷயம் ஓர் எலிப் புரதம். எலியின் செல்லுக்கு வெளியே காவல்காரன் மாதிரி நின்று, வருகிற சேதியைப் பிடித்து உள்ளே அனுப்புகிற ஏற்பி. எலியைத் தொந்தரவு செய்யாமல், அதன் மரபணுவை வேறு செல்களில் புகுத்தி, தொழிற்சாலையில் தயாரித்து, பொடியாக உலர்த்தி அனுப்புகிறார்கள். இதைத் தனியே மிதக்கவிட்டால், செல்களைக் கொதிக்க வைக்கிற சேதியை வழியிலேயே மடக்கிவிடும், செல்கள் அமைதியாகிவிடும் என்பது சிகரத்தின் கொள்கை.

ஒரு குப்பிக்கு ஐம்பது மைக்ரோகிராம். அதாவது, இருக்கிறது என்று நம்ப வேண்டும். வருகிற வழியில் குலுங்கி, பொடி மூடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் குப்பியைச் சுழலும் இயந்திரத்தில் வைத்து ஒரு நிமிடம் சுற்றி, பொடியை அடியில் இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கூடவே வந்த தாளில் அப்படித்தான் இருந்தது. நான் முதலில் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் லேசாக ஒரு படலம் தெரிந்தது. துடைத்துக் குப்பையில் போட்டேன். பிறகு தாளைப் படித்தேன். சுத்தம் எனக்குப் பிறவிக் குணம்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பதிவேட்டில் 'சேதம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அதுவரை ஒரு புள்ளி விழுந்ததில்லை. தூசிக்குச் சமமான ஒன்றுக்காக அதைக் கெடுப்பதா? குப்பியில் உப்புக் கரைசலை ஊற்றி, இருபது சின்னக் குழாய்களில் பிரித்து, பெயரும் தேதியும் எழுதி உறைய வைத்தேன்.

சிகரம் அதைச் செல்களில் விட்டார். செல்கள் அமைதியாயின. அமைதியாகாத தட்டுகளைக் 'கெட்டுப்போனவை' என்று ஒதுக்கிவிடுவார். மிஞ்சியவை எல்லாம் அமைதியானவைதானே. கட்டுரை வந்தது, பாராட்டு விழா நடந்தது. உப்புத் தண்ணீருக்கு அப்படியொரு வாழ்வு கடலில்கூடக் கிடைத்ததில்லை.

சந்தேகத்துக்கு மட்டும் ஒதுக்கத் தெரியவில்லை. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் செல்கள் கொதித்துக்கொண்டே இருந்தன. நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அந்தக் குழாயில ஒண்ணுமே இல்லையோன்னு தோணுது."

"சாருக்கு வேலை செய்யுது. உனக்குச் செய்யலைன்னா, அது கைராசிம்மா."

"கைராசிக்கு நான் எந்தக் கடைக்குப் போறது? ஒரே ஒரு குழாய் கொடுங்கண்ணே. புரதம் இருக்கான்னு பாத்துடறேன்."

அரை நாள் வேலை அது. தீர்ந்துவிட்டது என்றேன். பதினொன்று இருந்தன.

அவள் சிகரத்திடமே போய் முடிவு தப்பு என்று சொல்லிவிட்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை யானையிடமே போய்ச் சொல்லலாமா? விசாரணை வைத்தார்கள். அவளுடைய நாலு வருட உழைப்பும் பட்டமும் ஒரே நூலில் தொங்கின. என்னை அழைத்துக் கேட்டார்கள். பதினாலாம் தேதி மதியம், குழாயை மேசைமேல் இரண்டு மணி நேரம் உருகிக் கெடவிட்டு அவள் சாப்பிடப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஆய்வகத்தின் மானமும் முக்கியம் அல்லவா.

அவள் அழவில்லை. "அண்ணனோட பதிவேட்டையே பாருங்க சார்" என்றாள்.

"அவரே நேர்ல சொல்றாரே, அப்புறம் பதிவேடு எதுக்கும்மா?" என்று குழுத் தலைவர் சிரித்தார். இன்றும் நடுநாற்காலியில் அவரே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

அவளைக் கவனக்குறைவுக்காக நீக்கினார்கள். எனக்குப் 'பிழையற்ற சேவை' என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். போன மாதம் புதுக் குப்பி வந்தது. முறைப்படி சுழற்றித் திறந்தேன். அசல் புரதம், ஆனால் ஒரு தட்டுகூட அமைதியாகவில்லை. கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சிகரம் கொதித்தார். பழைய சரக்கையே கேட்டார். திங்கட்கிழமைதோறும் உப்புத் தண்ணீரில் தயாரித்துக் கொடுத்தேன். ரோஷப்பட்ட கம்பெனிக்காரர்கள் அதில் ஒரு குழாயை வாங்கிச் சோதித்ததால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. அந்தப் பெண்ணும் வேறு எங்காவது நன்றாகத்தான் இருப்பாள். எதற்கும் பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். பதினாலாம் தேதிக்கு நேரே, அவள் பெயருக்கு எதிரே, என் கையெழுத்தில் 'விடுப்பு' என்று இருக்கிறது.