பையன் ஆண்பால் இல்லை

ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போகும் படகில் எனக்கு முன்னால் ஒரு அக்காவும் தங்கையும். தங்கை பல்கேரியாவுக்குத் தையல் வேலைக்குப் போகிறவள். செல்போனைப் பார்த்து அந்த ஊர் பாஷையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்கே பையன் ஆண்பால் இல்லையாம்."

"என்னடி உளர்றே?"

"வார்த்தை எப்படி முடியுதுன்னு பார்த்துத்தான் பால் சொல்றாங்க. மெய்யெழுத்துல முடிஞ்சா ஆண்பால். ஆன்னு முடிஞ்சா பெண்பால். ஓன்னோ ஏன்னோ முடிஞ்சா ரெண்டும் இல்லை. பையனுக்கு மொம்ச்சே. ஏ-ல முடியுது. நம்ம நாற்காலி மாதிரி, அஃறிணை."

அக்கா சிரித்துவிட்டாள். "நல்ல ஊருடி. நாற்காலியைப் பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போக மாட்டான். அப்ப எப்பத்தான் ஆண்பால் ஆவான்?"

"வளர்ந்து ஆம்பளை ஆனா. அதுக்கு மஷ். மெய்யில முடியுது."

"உன் பிள்ளைக்கு அடுத்த மாசம் பதினெட்டு. பட்டாளத்துக்குப் பிடிக்கிற வயசு."

"தெரியும்க்கா. வயசுப் பசங்களைப் பட்டாளத்துக்காரன் நாட்டைவிட்டு வெளியே விட மாட்டேங்கிறான். அதான் நான் முதல்ல போறேன். போய் எப்படியாவது கூப்பிட்டுக்கறேன்."

"நீ கூப்பிடறதுக்குள்ள இவனுங்க கூப்பிட்டுருவானுங்க."

"அவனை வாசலுக்குக்கூட விடாதேக்கா. யாராவது வந்து கேட்டா?"

"என் வீட்ல ஆம்பளையே இல்லைம்பேன். இருக்கறது ஒரு மொம்ச்சேதான்."

படகு கரையில் முட்டியது. துப்பாக்கியோடு நின்றவர்கள் பெண்களைப் போகவிட்டு ஆண்களை நிறுத்தினார்கள். மீசை முளைக்காதவனையும் நிறுத்தினார்கள்.