நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

— சேணத்தை இறக்குன்னு மூணு தடவை சொல்லிட்டேன், சவேலி. விடியக்காலையில இருந்து ஓடி வந்த குதிரை. அதுக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்கில்ல?

— இருக்கட்டும் பெய்சென். வாரைத் தளர்த்திட்டேன், அது போதும். நான் உடனே கிளம்பணும். நீ இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா என் வேலை முடிஞ்சுது.

— ரெண்டு வருஷம் முந்தி வந்தப்ப மூணு நாள் தங்கின. ஒரு முழு ஆட்டைத் தின்னு தீர்த்த. நம்ம ரெஜிமெண்ட் சரித்திரம் எழுதறேன், ஒண்ணு விடாம சொல்லுன்னு உசிரை வாங்கின. இன்னிக்கு டீயைக்கூடத் தொட மாட்டேங்கற. வாசலையே பாக்கற. யாரு வரப் போறா?

— யாரும் வரல. படிக்கிறேன், கேளு. ‘குதிரைப் பண்ணை ஊழியன் பெய்சென் ஆகிய நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் ஆண்டு பிப்ரவரி மாதம் முழுவதும் டைபஸ் காய்ச்சலால் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தேன். போஸ்தெகே கணவாயில் நடந்த எதையும் நான் கண்டதில்லை. அதைப் பற்றி எழுத்தர் சவேலியிடம் நான் எதுவும் கூறியதுமில்லை.’ அவ்வளவுதான். இந்தா பேனா.

— யாருக்கு டைபஸ்?

— உனக்கு.

— எனக்குத் தும்மல்கூட வந்ததில்லய்யா. அந்த மாசம் பூரா நான் நம்ம குதிரைப்படைப் பிரிவு மூணாம் நூறுல குதிரை மேல இருந்தேன். டைபஸ் வந்து வண்டியில கிடந்தது நீ. கம்பளியைச் சுத்திக்கிட்டு, முத்திரைப் பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, உங்கம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டு.

— சரி சரி. பதினேழு வருஷத்துக்கு முந்தினது இப்ப எதுக்கு? போடு.

— எதுக்குன்னு நான் கேக்கணும். அன்னிக்கு உண்மையைச் சொல்லுன்ன. இன்னிக்கு அங்க நீ இல்லவே இல்லைன்னு எழுதிக்கிட்டு வர்ற. நடுவுல என்ன ஆச்சு?

— புத்தகம் வெளிய வரணும்ல. கணவாய்க் கதை இருந்தா மேலதிகாரிங்க விட மாட்டேங்கறாங்க. சிவப்புப் படையை எதிர்த்த ஒரு வெள்ளைப்படை அதிகாரி ஜனங்களைக் காப்பாத்தினான்னு எழுதினா அது எதிரிக்குப் பாட்டுப் பாடறதாம். அதை எடுத்துட்டா மிச்சப் புத்தகம் பிழைக்கும்.

— அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? எத்தனை குதிரைக்கு லாடம் அடிச்சோம், எத்தனை மூட்டை ஓட்ஸ் தின்னுச்சுன்னா? நம்ம மூணாம் நூறு செஞ்ச ஒரே நல்ல காரியம் அது. மத்ததெல்லாம் ஊரைக் கொளுத்தினது, ஆட்டைப் புடுங்கினது. நானும்தான் புடுங்கினேன்.

— மெதுவாப் பேசு, பெய்சென்.

— ஏன் மெதுவா? என் வீட்ல நான் பேசறேன். கேளு, நீ பாக்காததைச் சொல்றேன். அறுநூறு குதிரையோட கிளம்பின ரெஜிமெண்ட். கணவாய்க்கு வந்தப்ப நூத்து நாப்பது. ஒண்ணு வாலை இன்னொண்ணு கடிச்சுத் தின்னுது. முன்னாடி சீனா எல்லை, பின்னாடி மூணு நாள் தூரத்துல சிவப்புப் படை. கர்னல் ஆள் அனுப்பறாரு: கீழ இருக்கற குளிர்காலக் குடியிருப்பைக் கொளுத்திட்டு வாங்க, சிவப்புக்காரனுக்கு ஒரு கூரையோ ஒரு பிடி வைக்கோலோ கிடைக்கக் கூடாது. யாருக்கு உத்தரவு? கடைசியில வர்ற நமக்கு. மூணாம் நூறுக்கு.

— எல்லாம் எழுதியிருக்கேன். நீ சொன்னது அத்தனையும் எழுதியிருக்கேன். இப்ப…

— நாப்பது குடும்பம். பனி இடுப்பளவு. கூரையைக் கொளுத்தினா பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் கட்டை. கேப்டன் செலிவான் அந்த உத்தரவை ரெண்டு தடவை படிச்சாரு. அவரு ஒண்ணும் புண்ணியவான் இல்ல. குடிப்பாரு, அடிப்பாரு. என்னையே சவுக்கால ரெண்டு போட்டிருக்காரு. தாளை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டு எங்களைப் பாத்துக் கேட்டாரு: ‘யாருக்காவது கொளுத்தணும்னு ஆசை இருக்கா? இருந்தா மேல போய் கர்னலோட சேந்துக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.’ பதினோரு பேர் போனாங்க. மிச்சம் இருபத்தெட்டு பேர், வழிக்குக் குறுக்க குதிரையைத் திருப்பி நின்னோம். சொந்த ரெஜிமெண்டைப் பாத்து.

— பெய்சென், தயவு செஞ்சு.

— கர்னல் ஆளுங்க இறங்கி வந்தாங்க. முந்தின ராத்திரி ஒரே சட்டியில சாப்பிட்டவங்க. யாரு முதல்ல சுட்டான்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கும் தெரியாதுன்னுதான் உங்கிட்டச் சொன்னேன். எங்கள்ல ஏழு பேர் விழுந்தாங்க. கேப்டனுக்கு வயித்துல. குதிரையை விட்டு இறங்காம, கழுத்தைக் கட்டிக்கிட்டு, அவங்க திரும்பிப் போற வரைக்கும் உக்காந்திருந்தாரு. நாங்க இறக்கினப்ப உசிர் இல்ல. அந்தக் குடியிருப்பு ஜனங்கதான் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கிக் குழி தோண்டினாங்க. மூணாம் நாள் சிவப்புப் படை வந்துச்சு. அவங்களோட சேந்துட்டோம். எங்க போறது வேற?

— தெரியும்யா. எனக்கு மனப்பாடம்.

— இது தெரியாது உனக்கு. அன்னிக்குச் சொல்லல. ஷரிபா அந்தக் குடியிருப்புப் பொண்ணு. அப்ப அவளுக்குப் பதினாறு. அந்தக் குழிக்கு உறைஞ்ச மண்ணை இளக்க வெந்நீர் சுமந்தவங்கள்ல அவளும் ஒருத்தி. அந்தாள் தாளை மடிச்சுப் பைக்குள்ள வெச்சதாலதான் எனக்குப் பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு, இந்த அடுப்பு எல்லாம். இப்ப நான் அங்க இல்ல, எதையும் பாக்கலைன்னு எழுதித் தரணுமா? உன் புஸ்தகம் அச்சாகறதுக்கா? அச்சாகாமப் போகட்டும். எடுத்துட்டுப் போ.

— ஷரிபா எங்க இப்ப?

— பெட்டைக் குதிரைங்ககிட்ட, பால் கறக்க. ஏன்?

— ஷரிபா திரும்பி வர்றதுக்குள்ள போட்டுடு.

— போட மாட்டேன். உனக்கு வெக்கமா இல்ல? நல்ல வேலை, நகரத்துல வீடு, மேஜை. அதைக் காப்பாத்திக்க வந்திருக்க. செத்தவனைத் திரும்பக் கொல்ல வந்திருக்க. எந்திரி. உன் குதிரைக்குத் தண்ணி காட்டிட்டேன். கிளம்பு.

— புத்தகம் வராது, பெய்சென்.

— என்ன?

— பொய் சொன்னேன். புத்தகம் எப்பவும் வராது. மே மாசமே ரகசிய போலீஸ்காரங்க என் அலமாரியைத் திறந்து கையெழுத்துப் பிரதியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அறுநூறு பக்கம். நான் ஒழுங்கா வேலை செய்யறவன் இல்லையா? சொன்னவன் பேரு, அப்பன் பேரு, ஊரு, இப்ப என்ன வேலை, எல்லாம் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில எழுதி வெச்சிருந்தேன். நாளைக்கு யாராவது சரிபாக்கணும்னா வசதியா இருக்கட்டும்னு.

— …யாரு சரிபாத்தா?

— ஜூன் மாசம் பராம்பயைக் கூட்டிட்டுப் போனாங்க. லாடம் அடிப்பானே, அவன். தற்செயல்னு நெனச்சேன். அடுத்த வாரம் நிகானோர். அப்புறம் துர்சூன், அண்ணன் தம்பி ரெண்டு பேரும். அப்பதான் என் நகலை எடுத்துப் பாத்தேன். வரிசையாப் போறாங்க. பக்கம் பக்கமா. பதினாலு பேர் ஆச்சு. ஒருத்தனும் திரும்பல.

— நான் எந்தப் பக்கம்?

— நூத்துப் பன்னிரண்டு.

— அவங்க எதுல இருக்காங்க?

— நேத்து நூத்து நாலு.

— எட்டுப் பக்கந்தான் பாக்கி.

— ஓடலாம்னு நினைக்காத. நிகானோர் ஓடினான். அவன் பொண்டாட்டியைப் பிடிச்சு வெச்சாங்க, தானா வந்து நின்னான்.

— எனக்கு ஓடத் தெரியாது. ரெண்டு வயசுக் குட்டிங்க அறுபது இருக்கு, இன்னும் வாரே போடல. நான் எங்க ஓடறது?

— அதனாலதான் இது. தேதியைப் பாரு. ரெண்டு வருஷம் முந்தின தேதி. எங்க ஆபீஸ் முத்திரையும் போட்டிருக்கேன். பழைய கோப்புல நுழைச்சு வைக்க எனக்கு வழி இருக்கு. அவங்க சரிபாக்கக் கோப்பைப் புரட்டினா, ‘இவன் அங்கேயே இல்ல, சவேலி இவன் பேரைத் திருடிட்டான்’னு இருக்கும். மீதி ஆளுங்க அத்தனை பேருகிட்டயும் வாங்கிட்டேன். உன்னையும் இன்னும் ரெண்டு பேரையும் தவிர. வேலை செய்யுமான்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது காகித வேலை ஒண்ணுதான்.

— ஆரம்பத்துலயே இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல.

— சொன்னா நீ பயப்படுவ. நாளைக்கு அவங்க கேக்கறப்ப அது மூஞ்சியில தெரியும். வெறும் கோபத்தோட என்னைத் துரத்தி விட்டிருந்தா உனக்கு நல்லதுன்னு நெனச்சேன். கையெழுத்தைப் போட்டுட்டுத் துரத்துவன்னு நெனச்சேன். நீ பேசிக்கிட்டே இருந்த.

— கொண்டா இப்படி. எங்க போடணும்?

— இங்க. கீழ. முழுப் பேரு.

— பேனாவைக் கொடு. கடிக்கற குதிரைக்கு வாய்க்கம்பி மாட்டறது இதைவிடச் சுலபம். போட்டாச்சு. எனக்கு டைபஸ். மிச்சம் இருக்கற எல்லாருக்கும் டைபஸ்.

— நல்லது. ஊதிக் காய வை.

— ஒண்ணு கேக்கறேன் சவேலி. எல்லாரும் இப்படி எழுதிக் கொடுத்துட்டா, செலிவான் அந்தத் தாளை மடிச்சதைப் பாத்தவன்னு பூமியில ஒருத்தனும் இருக்க மாட்டான். அப்புறம் அது நடக்கவே இல்லைன்னு ஆயிடும். இல்லையா?

— ஆகாது. ‘கணவாயில் கேப்டன் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவனே, நடந்ததனைத்தையும் என் கண்ணால் பார்த்தேன்’னு முந்தாநாளே எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே அவங்க மேஜையில கொண்டுபோய் வெச்சுட்டு வந்துட்டேன்.